மாக் மதிப்பெண் 50லேயே நிற்கிறது: ஐஐஎம் கேட் 2024 தயாரிப்பு, விவாத இழை

ஜூலை 7, 2024 (கேள்வி)

வேலைக்குப் போய்க்கொண்டே, ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. மெக்கானிக்கல் படிப்பு, கணக்கு ஓரளவு வரும். ஆங்கில வார்த்தைப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து முடித்தாயிற்று. வாரம் இரண்டு மாக் (மாதிரித் தேர்வு) எழுதுகிறேன். 198க்கு 48, 52, 50 என்று அங்கேயே நிற்கிறது. வேகம்தான் போதவில்லை, வாரம் நான்கு மாக் எழுதினால் ஏறிவிடும் என்பது என் கணிப்பு. சரியா?

ஜூலை 8, 2024

சரியில்லை. நான்கு வேண்டாம், இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வாரம் ஒன்று போதும். மீதி நேரம் எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் மதிப்பெண்ணே காட்டுகிறது.

50 எப்படி வரும்? 22 சரி, 16 தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 66 கழித்தல் 16, ஐம்பது. அந்த 16ல் பத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் 60. அந்தப் பத்தில் செலவான கால் மணி நேரத்தில், தாளின் பின்பகுதியில் கண்ணிலேயே படாமல் போன எளிய கேள்வி நான்கைப் போட்டிருந்தால் 72. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல், வேகமும் கூடாமல் 22 மதிப்பெண். நீங்கள் எழுதும் 66 கேள்வித் தாளில் பாதி மதிப்பெண்ணை எட்டாமலே போன வருடம் 99 பெர்சென்டைல் (எழுதியவர்களில் 99 சதவீதம் பேருக்கு மேலே) தாண்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எதை விடுவது என்று 40 நிமிடத்துக்குள் முடிவெடுக்கத் தெரிகிறதா என்பதைத்தான் இந்தத் தேர்வு பார்க்கிறது.

வார்த்தைப் பட்டியலை மூடி வையுங்கள். பொருள் கேட்கும், எதிர்ச்சொல் கேட்கும் நேரடிக் கேள்விகள் கேட் தேர்வில் வந்து பல வருடம் ஆகிறது.

ஜூலை 8, 2024 (இரவு)

அமைப்பைச் சொல்லாமல் விட்டேன். புதிதாக வருபவர்களுக்காக:

விஏஆர்சி (ஆங்கிலம், பத்தி வாசிப்பு) 24 கேள்வி, டிஐஎல்ஆர் (தரவு அலசல், தர்க்கம்) 20, கியூஏ (கணக்கு) 22. இது 2023 கணக்கு. வரிசை இதேதான், மாற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முடிந்ததும் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும், திரும்பிப் போக வழியில்லை. சரிக்கு 3. நான்கு விருப்பம் உள்ள கேள்வியில் தவறுக்கு 1 கழிப்பார்கள். விடையை நாமே தட்டவேண்டிய டைட்டா கேள்விகளுக்குக் கழிவு இல்லை.

2019 வரை 100 கேள்வி, 180 நிமிடம். 2020ல்தான் 120 நிமிடமாகச் சுருங்கியது. அதனால் பழைய தாள்களை எடுக்கும்போது 2017 முதல் 2019 வரை உள்ளவற்றைப் பாடப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, 2020க்குப் பிறகானவற்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். இரண்டையும் கலந்து நேரம் கணக்குப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஜூலை 14, 2024

மாக் அலசுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இணையதளம் தரும் வண்ண வரைபடங்கள் போதாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எழுதி முடித்த அன்றே, விளக்க வீடியோ எதையும் பார்க்காமல், தவறான கேள்விகளையும் விட்ட கேள்விகளையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் நான்கில் ஒன்றை எழுதுங்கள்:

தெரியாது.
தெரியும், ஆனால் தவறு.
விட்டிருக்க வேண்டும்.
விட்டேன், ஆனால் எளிது.

நான்காவதுதான் பொன். அதை யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. அங்கே வெறும் பூஜ்யமாக உட்கார்ந்திருக்கும். இரண்டு மணி நேர மாக்கை முறையாக அலச நான்கு மணி நேரம் பிடிக்கும். வாரம் நான்கு மாக் வேண்டாம் என்றது இதனால்தான்: வேலைக்குப் போகிறவரிடம் நான்கு அலசலுக்கு 16 மணி நேரம் இருக்காது, அலசாத மாக் பழைய பழக்கத்தையே இன்னும் கெட்டிப்படுத்தும்.

ஜூலை 15, 2024

"தெரியும், ஆனால் தவறு" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வரியில் தவறியது என்று எழுதவேண்டும். ஒரு மாதிரி:

7ஆல் வகுத்தால் 3ம், 5ஆல் வகுத்தால் 2ம் மீதி வரும் மூன்று இலக்க எண்கள் எத்தனை?

இரண்டு நிபந்தனையும் பொருந்தும் முதல் எண் 17. அதற்குப் பிறகு 35 கூட்டிக்கொண்டே போகலாம். மூன்று இலக்கத்தில் முதலாவது 122, கடைசி 997. வித்தியாசம் 875, 35ஆல் வகுத்தால் 25, ஒன்று கூட்டி 26.

இதில் மூன்று பேர் மூன்று விதமாகத் தவறுவார்கள். 25 என்று தட்டியவர் கடைசியில் ஒன்று கூட்ட மறந்தவர். 29 என்று தட்டியவர் 17, 52, 87 மூன்றையும் சேர்த்தவர், அதாவது "மூன்று இலக்க" என்ற சொல்லைத் தாண்டிப் படித்தவர். 17ஐக் கண்டுபிடிக்கவே மூன்று நிமிடம் எடுத்தவருக்கு மீதிக் கணக்கில் பயிற்சி இல்லை. முதலாமவர் வரிசையில் எண்ணும் பயிற்சி பத்துப் போட்டால் போதும். இரண்டாமவர் கேள்வியின் கடைசி வரியை விடை தட்டும் முன் மறுபடி படிக்கும் பழக்கம் கொள்ளவேண்டும். மூன்றாமவர் பாடத்துக்குத் திரும்பவேண்டும். நோட்டில் மூவரும் "மீதிக் கணக்கு, தவறு" என்று எழுதியிருந்தால் மூவருக்கும் பயன் இல்லை.

ஜூலை 28, 2024

ஆகஸ்ட் 1 பதிவு திறக்கிறது. கட்டணம் 2,500, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250. தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றை இப்போதே கவனியுங்கள். நம் ஊரின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வைத்து ஐஐஎம்மில் ஓபிசி இடம் கேட்க முடியாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கவேண்டும், குடும்பம் கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வரக்கூடாது, சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் இருக்கவேண்டும். இ-சேவை மையத்தில் கொடுத்தாலும் தாலுகா அலுவலகச் சரிபார்ப்பு முடிந்து கைக்கு வர நாளாகலாம். பதிவை முடித்த பிறகு பிரிவை மாற்ற விடமாட்டார்கள். பிறகு திறக்கும் திருத்தச் சாளரத்தில் புகைப்படம், கையெழுத்து, தேர்வு நகரம் இவைதான் மாறும்.

ஆகஸ்ட் 11, 2024 (கேள்வி கேட்டவர்)

நோட்டு போட்டேன். விஏஆர்சியில்தான் "தெரியும், ஆனால் தவறு" குவிகிறது. இரண்டு விருப்பம் வரைக்கும் சரியாக வந்துவிடுகிறேன், கடைசியில் தவறானதைத் தொடுகிறேன். தினமும் ஆங்கிலத் தலையங்கம் படித்தும் மாறவில்லை.

ஆகஸ்ட் 11, 2024

தலையங்கம் படிப்பது கண்ணுக்குப் பழக்கம் தரும். விருப்பங்களுக்கு நடுவே தேர்ந்தெடுப்பது வேறு வேலை, அதைத் தனியாகத்தான் பழகவேண்டும். நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

"நகரங்களில் மரம் நடுவது வெப்பத்தைத் தணிக்கிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கும் குறுகிய தெருவில், அடர்ந்த கிளைகள் வண்டிப் புகையை மேலே போகவிடாமல் தேக்கக்கூடும்."

ஆசிரியரின் கருத்து எது?

1. மரங்கள் நகர வெப்பத்தைத் தணிக்கின்றன.
2. மரம் நடுவதன் பயன் நடும் இடத்தையும் பொறுத்தது.
3. குறுகிய தெருக்களில் மரம் நடக்கூடாது.
4. மரங்கள் நகரக் காற்றை மாசாக்குகின்றன.

நான்காவதை எல்லோரும் தள்ளிவிடுவார்கள். முதலாவது பத்தியில் அப்படியே இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் "ஆனால்" என்பதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பாதி உண்மை. உங்களை இழுப்பது மூன்றாவதாகத்தான் இருக்கும். ஆசிரியர் "தேக்கக்கூடும்" என்றார், "நடக்கூடாது" என்று சொல்லவே இல்லை. அதை நாம் அவர் வாயில் திணிக்கிறோம். விடை 2.

இனி ஒவ்வொரு தவறான விருப்பத்துக்கும் எதிரில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: பாதி, மிகை, வெளியிலிருந்து, தலைகீழ். ஒரு நாளைக்கு இரண்டு பத்தி போதும். சரியான விடைக்கும் எந்த வரி ஆதாரம் என்று கோடு போடுங்கள். கோடு போட வரி கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் சொந்தக் கருத்து.

ஆகஸ்ட் 18, 2024

பத்தி வேகம் பற்றி: 24ல் 16 கேள்வி நான்கு பத்திகளிலிருந்து வருகிறது. பத்திக்கு ஏழரை நிமிடம் என்றால் 30 நிமிடம். மீதிப் பத்து நிமிடத்தில் எட்டுச் சின்னக் கேள்வி. நான்கையும் கட்டாயம் படிக்கவேண்டும் என்பதில்லை. மூன்றை நன்றாகப் படித்து 12ல் பத்துச் சரியாக்கினால், நான்கையும் ஓடிப் படித்து 16ல் ஒன்பது சரியாக்குவதைவிட எவ்வளவோ மேல். எந்தப் பத்தியை விடுவது? தலைப்பு பிடிக்கவில்லை என்பதற்காக விடாதீர்கள். முதல் பத்து வரியைப் படித்தும் ஆசிரியர் எதை எதிர்த்துப் பேசுகிறார் என்று பிடிபடவில்லையா, அதை விடுங்கள். தத்துவம் என்றாலே ஓடுகிறவர்கள் நிறைய. ஆனால் தத்துவப் பத்தியில் வாதம் தெளிவாக இருந்தால் கேள்விகள் நேராக வரும்.

செப்டம்பர் 1, 2024

"தெரியாததை ஊகிக்கவே கூடாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விருப்பத்தில் கண்ணை மூடித் தொட்டால் கால் பங்கு வாய்ப்பு: கிடைப்பது 3ல் கால், இழப்பது 1ல் முக்கால். இரண்டும் சமம், சராசரி பூஜ்யம். ஒன்றை உறுதியாகத் தள்ள முடிந்தால் சராசரி லாபம் மூன்றில் ஒரு மதிப்பெண். இரண்டைத் தள்ளினால் ஒரு முழு மதிப்பெண்.

டைட்டாவில் கழிவே இல்லை, அதனால் வெற்றாக விடுவது நஷ்டம். ஐந்து வாக்கியத்தில் பொருந்தாததைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் சும்மா ஓர் எண்ணைத் தட்டினாலே ஐந்தில் ஒரு வாய்ப்பு. நான்கு வாக்கியத்தை வரிசைப்படுத்துவதில் 24ல் ஒன்று; ஆனால் முதல் வாக்கியம் எது என்று தெரிந்தாலே ஆறில் ஒன்றாகிவிடும்.

செப்டம்பர் 3, 2024

முந்தைய குறிப்புக்கு ஓர் எல்லை போடவேண்டும். இரண்டைத் தள்ளிவிட்டு ஊகிப்பது லாபம் என்ற கணக்கு கியூஏவுக்குப் பொருந்தும். விஏஆர்சியில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மிஞ்சும் இரண்டில் ஒன்று உங்களை இழுப்பதற்கென்றே எழுதப்பட்டது, எனவே பாதிக்குப் பாதி என்ற கணக்கு அங்கே நிற்காது. உங்கள் நோட்டையே பாருங்கள்: கடைசி ஐந்து மாக்கில் "இரண்டில் ஒன்று" என்று வந்த கேள்விகளில் எத்தனை சரி? நான்கில் ஒன்றுக்கு மேல் சரியாக இருந்தால் தொடுங்கள். குறைவென்றால் இழுக்கும் விருப்பத்துக்கு எதிரானதைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் தயக்கமாக இருந்தால் விடுங்கள்.

செப்டம்பர் 15, 2024

டிஐஎல்ஆர் பற்றிக் கேட்காத நாளில்லை. முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். இந்தப் பகுதியில் கேள்விகள் ஒரே தகவலை வைத்துத் தொகுப்பாக வரும், எல்லாத் தொகுப்பையும் படியுங்கள். தேடவேண்டியது ஒன்றுதான்: உள்ளே நுழைய வாசல் இருக்கிறதா?

வாசல் என்றால் என்ன? "நான்கு கடைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பெட்டியாவது விற்றது, எண்ணிக்கைகள் எல்லாம் வெவ்வேறு, மொத்தம் 10" என்று ஒரு வரி இருந்தால் அது 1, 2, 3, 4 தவிர வேறாக இருக்க முடியாது. மொத்தம் 11 என்றாலும் 1, 2, 3, 5 ஒன்றே வழி. 12 ஆனால் இரண்டு வழி, 13 ஆனால் மூன்று. எண் சின்னதாக, நிபந்தனை இறுக்கமாக இருந்தால் அட்டவணை தானே நிரம்பத் தொடங்கும். "அதிகபட்சம்", "குறைந்தது", "சிலர்" என்ற சொற்கள் மட்டுமே நிறைந்த தொகுப்பில் ஒவ்வொரு அடியிலும் கிளை பிரியும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று கேள்விகளிலேயே தெரியும். "பின்வருவனவற்றில் எது நிச்சயம் உண்மை" என்று கேட்டால் முழுவதும் தீராத தொகுப்பு என்று பொருள். "மூன்றாம் நாளில் இரண்டாம் கடை விற்றது எவ்வளவு" என்று கேட்டால் அந்தக் கட்டம் வரையாவது தீரும் தொகுப்பு. கேள்வியை முதலில் படிப்பவருக்கு இது இலவசத் தகவல்.

ஒரு தொகுப்பில் எட்டு நிமிடம் போயும் அட்டவணையில் பாதி நிரம்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போன எட்டு நிமிடம் போனதுதான். இங்கேதான் நல்ல கணக்குக்காரர்கள் அதிகம் விழுகிறார்கள், பிடிவாதத்தால்.

செப்டம்பர் 22, 2024

கியூஏவுக்குச் சுருக்கமாக. சதவீதம், விகிதம், லாப நஷ்டம், நேரம்-வேலை, வேகம்-தூரம், கலவை: இந்த அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும் சேர்ந்தே தாளின் பெரும்பகுதி. நிகழ்தகவைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் போக்காதீர்கள். முதல் சுற்றில் 20 நிமிடம்: கேள்வியைப் படித்த 20 விநாடியில் வழி தெரிந்தால் போடு, இல்லையென்றால் அடுத்தது. 22வது கேள்வி வரை கட்டாயம் பார்த்துவிடவேண்டும். இரண்டாம் சுற்றில் வழி தெரிந்தும் நீளமானவை.

அக்டோபர் 6, 2024

திரையைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. தேர்வு மையத்தில் கீபோர்டு வேலை செய்யாது. டைட்டா விடையைத் திரையில் உள்ள எண்பலகையில் மவுஸால் தட்டவேண்டும், கால்குலேட்டரும் அப்படியே. வீட்டில் லேப்டாப் டச்பேடில் பழகியவருக்கு முதல் பத்து நிமிடம் கை தடுமாறும். சாதாரண மவுஸ் ஒன்றை வாங்கி இன்றிலிருந்தே அதில் எழுதுங்கள்.

விடையைத் தேர்ந்தபின் "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தவேண்டும். அழுத்தாமல் வலப்பக்க எண் கட்டத்தைத் தொட்டு வேறு கேள்விக்குத் தாவினால் விடை பதிவாகாது. விடையோடு "மார்க் ஃபார் ரிவ்யூ" போட்டது மதிப்பீட்டில் சேரும். விடை இல்லாமல் போட்டால் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, 2024 (கேள்வி கேட்டவர்)

வாரம் ஒரு மாக்தான் எழுதுகிறேன். கடைசி மூன்று: 61, 74, 69. முன்பு 40க்கு மேல் தொட்டேன், இப்போது 34. எக்ஸ்ஏடி, டான்செட் என்ற மற்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுகளையும் எழுதலாமா?

அக்டோபர் 20, 2024

தொட்டது குறைந்து மதிப்பெண் ஏறியிருப்பதைப் பாருங்கள், அதைவிட நல்ல சேதி இல்லை. 74க்குப் பிறகு 69 வந்தது இறக்கம் இல்லை. தாளுக்குத் தாள் கடினம் மாறும், பெர்சென்டைலை மட்டும் ஒப்பிடுங்கள்.

எக்ஸ்ஏடி ஜனவரி 5. அங்கே விதி வேறு: தவறுக்கு 0.25தான் கழிவு, ஆனால் எட்டுக் கேள்விக்கு மேல் விட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.10 போகும். கேட்டில் பழகிய "விடு" என்ற கை அங்கே கொஞ்சம் தளரவேண்டும். முடிவெடுத்தல் என்ற பகுதிக்குப் பழைய தாள்கள் மட்டுமே பயிற்சி. டான்செட் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது, தாளும் பேனாவும், 100 கேள்வி இரண்டு மணி நேரம், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கேள்விகள் எளிது, எண்ணிக்கை அதிகம். அங்கே உண்மையிலேயே வேகம் வேண்டும். ஜூலையில் நீங்கள் சொன்னது டான்செட்டுக்குப் பொருந்தும். ஓஎம்ஆர் வட்டம் நிரப்பும் நேரத்தையும் சேர்த்துப் பழகுங்கள். இரண்டையும் நவம்பர் 24 கேட் தேர்வு முடிந்தபின் தொட்டால் போதும்.

நவம்பர் 6, 2024

அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. ஸ்லாட் எது என்று பாருங்கள்: 8.30, 12.30, 4.30. இன்றிலிருந்து மாக்கை அதே நேரத்தில் எழுதுங்கள். மாலை ஸ்லாட் கிடைத்தவர்கள் மதியச் சாப்பாட்டை என்ன, எப்போது என்பதையும் இப்போதே பழகவேண்டும். சாப்பிட்ட களைப்போடு விஏஆர்சி பத்தி இறங்காது. எந்த ஸ்லாட் எளிது என்ற பேச்சில் இறங்காதீர்கள், மூன்றையும் சமப்படுத்தித்தான் மதிப்பெண் தருவார்கள். கடைசி மாக்கைத் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் எழுதி முடியுங்கள். அதன்பிறகு நோட்டின் "விட்டேன், ஆனால் எளிது" வரிகளை மட்டும் படியுங்கள்.

நவம்பர் 24, 2024 (இரவு)

மூன்று ஸ்லாட்டும் முடிந்தது. 66 இல்லை, 68: டிஐஎல்ஆரில் 22 கேள்வி, ஐந்து தொகுப்பு. மூன்றில் நான்கு கேள்வி, இரண்டில் ஐந்து. நான்கு தொகுப்பு வரும் என்று நிமிடம் நிமிடமாகத் திட்டம் போட்டுப் போனவர்கள் திகைத்தார்கள் என்று படிக்கிறேன். அடுத்த வருடம் எழுதுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: "தொகுப்புக்குப் பத்து நிமிடம்" என்று கட்டிப் போகாமல், "முதலில் எல்லாவற்றையும் படி, மூன்றைத் தேர்ந்தெடு" என்று போனால் நான்கு வந்தாலும் ஐந்து வந்தாலும் கை உதறாது.

டிசம்பர் 20, 2024 (கேள்வி கேட்டவர்)

கேட் முடிவு வந்தது. பெர்சென்டைல் மொத்தம் 97.4. விஏஆர்சி 91, டிஐஎல்ஆர் 98, கியூஏ 96. பத்தாவதிலும் பன்னிரண்டிலும் நல்ல மதிப்பெண். இன்னொரு வருடம் உட்காரலாமா?

டிசம்பர் 20, 2024

உட்காருவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் தளத்தில் போட்டிருக்கும் சேர்க்கை விதியை எடுத்து, பகுதிவாரிக் குறைந்தபட்சத்தையும் பத்து, பன்னிரண்டு, பட்டம், வேலை அனுபவம் இவற்றுக்கான எடையையும் உங்கள் எண்களால் நிரப்புங்கள். மூன்று பகுதியும் தொண்ணூறுக்கு மேல் இருப்பது உங்கள் பலம். மொத்தம் 99 வாங்கியும் ஒரு பகுதியில் சறுக்கி வெளியே நிற்பவர்கள் உண்டு. புதிய ஐஐஎம்கள் சில சேர்ந்து நடத்தும் பொது நேர்காணலில் இந்த வருடம் யார் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள். சம்மதம் தெரிவிக்கக் கெடு வைத்திருப்பார்கள்.

கேட் மதிப்பெண் இந்த ஒரு சேர்க்கைச் சுற்றுக்குத்தான். எக்ஸ்ஏடிக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. நாளைக்குப் பழைய எக்ஸ்ஏடி தாள் ஒன்றை எடுத்து, முடிவெடுத்தல் பகுதியை மட்டும் எழுதிப் பார்த்து, எத்தனை விட்டீர்கள் என்று இங்கே போடுங்கள்.